டெட்ரா ரேடியோவில் வண்டி இருப்பிடமும் அழைப்பு விவரமும்: மூன்றாவது கேரியர் வாங்கினால் தீருமா?

கடலோரன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்குத் தெற்கே கடலோரமாக இயங்கும் ஓர் அவசர சேவையின் ரேடியோ வேலை. தீயணைப்பு, ஆம்புலன்ஸ், சாலை ரோந்து மூன்றுக்கும் ஒரே கண்ட்ரோல் ரூம். நெட்வொர்க் டெட்ரா (அவசர சேவைகளுக்கான டிஜிட்டல் ரேடியோ), ஆறு சைட் (கோபுர நிலையம்), சைட்டுக்கு இரண்டு கேரியர் (அலைவரிசைச் சேனல்). குரலில் எந்தக் குறையும் இல்லை. இப்போது இதே நெட்வொர்க்கில் டேட்டாவும் வேண்டும் என்கிறார்கள். கேட்பது நான்கு: 140 வண்டிகளின் இருப்பிடம் 10 நொடிக்கு ஒருமுறை, அழைப்பு விவரம் வண்டித் திரையில், ரோந்துக்காரர்கள் வண்டி எண் போட்டுப் பார்க்கும் வசதி, விபத்து இடத்துப் படமும் நோயாளிப் படிவமும்.

முதலில் 40 வண்டிகளில் இருப்பிடம் மட்டும் திறந்து பார்க்கிறோம். காலையில் சரியாக வருகிறது. மாலை ஷிப்ட் மாறும் நேரத்தில் டிப்போவை ஒட்டிய சைட்டில் வரைபடத்துப் புள்ளிகள் சில நிமிடம் அசையாமல் நிற்கின்றன. அதைவிட மோசம், அந்த நேரத்தில் பிடிடி (பேசுவதற்கான பொத்தான்) அழுத்தினால் பேசு டோன் வரத் தாமதமாகிறது, சில சமயம் மறுப்பு டோன். சிக்னல் அளவில் மாற்றமில்லை. விற்றவர்கள் சொல்லும் தீர்வு, சைட்டுக்கு மூன்றாவது கேரியர். விலையைப் பார்த்தால் கேட்டுவிட்டுச் செய்வோம் என்று தோன்றியது. இது கேரியர் பற்றாக்குறைதானா? பாக்கெட் டேட்டா (ரேடியோவில் ஐபி இணைப்பு) லைசென்ஸ் கூட விலைப்பட்டியலில் இருக்கிறது. அது எதற்கு உண்மையில் உதவும்?

மலைமுகடு எழுதியது:

கேரியர் வாங்காதீர்கள், இப்போதைக்கு. நீங்கள் சொல்லும் அறிகுறி பேச்சுச் சேனல் தீர்ந்ததால் வருவதல்ல, கண்ட்ரோல் சேனல் திணறுவதால் வருவது. ஒரு கேரியர் நேரத்தால் நான்கு ஸ்லாட்டாகப் பிரியும், ஆக இரண்டு கேரியரில் எட்டு ஸ்லாட். ஒன்று கண்ட்ரோல், ஏழு பேச்சு. மூன்றாவது கேரியர் போட்டால் பேச்சு பதினொன்றாகும், கண்ட்ரோல் அதே ஒன்றுதான். குறுஞ்செய்தி, ஸ்டேட்டஸ், இருப்பிடம், பதிவு, பிடிடி கேட்பு எல்லாம் நுழைவது அந்த ஒற்றை வாசல் வழியாக. சைட்டின் ஸ்லாட் பயன்பாட்டு அறிக்கையை எடுங்கள். மறுப்பு டோன் வந்த நிமிடத்தில் ஏழு பேச்சு ஸ்லாட்டும் நிரம்பியிருந்தால் நான் சொல்வது தப்பு. நிரம்பியிருக்காது.

கணக்கைப் போட்டுவிடுவோம். டெட்ராவில் ஒரு பிரேம் 56.67 மில்லிநொடி, 18 பிரேம் சேர்ந்தால் 1.02 நொடி. ஆகவே கண்ட்ரோல் சேனலுக்கு மேல்வழியில் (வண்டி ரேடியோ செட்டிலிருந்து சைட்டுக்கு) நொடிக்கு 17 ஸ்லாட் அளவில் கிடைக்கும். செட் தானாகக் கதவைத் தட்டும், அதாவது அனுப்ப இடம் கேட்கும், துள்ளல் (குட்டி அலைத் துடிப்பு) அரை ஸ்லாட். அதில் 92 பிட்தான் கொள்ளும். எல்ஐபி (டெட்ராவின் இருப்பிட நெறிமுறை) குறு இருப்பிட அறிக்கை தனியாகச் சின்னதுதான், ஆனால் முகவரி, தலைப்பு எல்லாம் சேர்ந்தால் 92-க்குள் அடங்காது. அதனால் ஒவ்வோர் அறிக்கையும் அரை ஸ்லாட்டில் தட்டி, பேஸ் ஸ்டேஷன் ஒதுக்கும் ஒரு முழு ஸ்லாட்டில் மிச்சத்தை அனுப்பும். முழு ஸ்லாட்டில் 268 பிட்.

ஒரே செல்லில் 60 வண்டி, 10 நொடி இடைவெளி என்று வையுங்கள். நொடிக்கு 6 அறிக்கை. 6 முழு ஸ்லாட் போனால் மிச்சம் 11, அதாவது 22 அரை ஸ்லாட். அதில் 6 வெற்றிகரமான தட்டல் நடக்க வேண்டும். ஸ்லாட்டட் அலோஹா (பலர் ஒரே சேனலில் முறை கேட்காமல் அனுப்பும்போது வரும் மோதல்) கணக்குப்படி மறுமுயற்சிகளையும் சேர்த்தால் 100 தட்டலில் 34 மோதும். இதில் பிடிடி கேட்பும் பதிவும் இன்னும் சேரவில்லை. இதே 60 வண்டி 30 நொடிக்கு ஒருமுறை என்றால் மோதல் 100-க்கு 7. அலோஹாவின் உச்சி 37 சதவீத வெற்றி என்று பாடப்புத்தகத்தில் இருக்கும். அந்த உச்சியில் நெட்வொர்க் ஓட்ட முடியாது. மோதல் 10 சதவீதத்தைத் தாண்டினாலே குரல்காரர்கள் புகார் சொல்ல ஆரம்பிப்பார்கள். மோதலில் எல்லோரும் சமமாகத் தோற்பதுமில்லை. பேஸ் ஸ்டேஷனுக்கு அருகில் இருக்கும் செட்டின் துள்ளல் பலமாக இருப்பதால் அதுவே ஜெயிக்கும். மலைக்கு அப்பால் ஓரத்தில் நிற்கும் ஆம்புலன்சுதான் மறுபடி மறுபடி தோற்கும்.

உங்கள் 40 வண்டிக்குச் சராசரி கணக்குப் போட்டால் மோதல் 100-க்கு 17. எரிச்சல்தான், ஆனால் நிமிடக்கணக்கில் உறைய இது போதாது. எனவே வேறொன்று இருக்கிறது. கண்ட்ரோல் ரூம் பதிவில் அறிக்கைகள் வந்த நேரத்தை மில்லிநொடியோடு எடுத்துப் பாருங்கள். எல்லாம் 00, 10, 20 என்று வரிசை கட்டி நின்றால், செட்டுகள் ஜிபிஎஸ் கடிகாரத்தின் முழு நொடியில் கூட்டமாகச் சுடுகின்றன என்று பொருள். அதோடு சைட்டில் உடனடி அணுகல் அனுமதி திறந்திருந்தால் முதல் தட்டலை யாரும் தாமதிக்காமல் அடுத்த அரை ஸ்லாட்டிலேயே போடுவார்கள். 40 பேரும் ஒரே அரை ஸ்லாட்டில். அத்தனையும் மோதி, பிறகு சீரற்ற காத்திருப்புக்குப் போய், முயற்சி எண்ணிக்கை தீர்ந்தவை கைவிடும். ஷிப்ட் மாறும்போது செட்டுகளை அணைத்துப் போடுவதால் பதிவும் குழு இணைப்பும் அதன்மேல் விழும்.

மாற்ற வேண்டியவை செட் புரோகிராமிங்கில்: ஒவ்வொரு செட்டுக்கும் வேறு தொடக்கத் தள்ளல் (சில மாடலில் சீரற்ற தள்ளல் என்றே ஒரு கட்டம் இருக்கும், இல்லாவிட்டால் செட் எண்ணின் கடைசி இலக்கங்களை வைத்து இடைவெளியை 27, 29, 31, 33 நொடி என்று சிதறடியுங்கள்). நேரத்தை மட்டும் நம்பாமல் தூரத்தையும் சேருங்கள்: 500 மீட்டர் நகர்ந்தால் அனுப்பு, ஆனால் 20 நொடிக்குள் இரண்டாவது வேண்டாம். நகரத்தில் 60 கிலோமீட்டர் வேகத்தில் 500 மீட்டர் கடக்க 30 நொடி ஆகும். என்2 நெடுஞ்சாலையில் 120-இல் போனால் 15 நொடி, அங்கே 20 நொடி வரம்பு பிடித்துக்கொள்ளும். இஞ்சின் அணைந்து நிற்கும் வண்டி 10 நிமிடத்துக்கு ஒருமுறை உயிரோடிருக்கிறேன் என்றால் போதும். அவசரப் பொத்தான் அழுத்தினால் மட்டும் எந்த வரம்பும் இல்லாமல் உடனே. சைட் பக்கத்தில் உடனடி அணுகலை மூடி, முதல் தட்டலையும் சீரற்றதாக்கச் சொல்லுங்கள். பிடிடிக்குச் சராசரியில் ஒரு சொட்டுத் தாமதம் கூடும். கூட்ட நேரத்தில் அந்தச் சொட்டுதான் காப்பாற்றும்.

10 நொடி இடைவெளி எங்கிருந்து வந்தது என்றும் கேளுங்கள். பெரும்பாலும் யாரோ வரைபடத்தில் புள்ளி வழுக்கி ஓடுவதைப் பார்த்து ஆசைப்பட்டதுதான். அருகிலுள்ள வண்டியைத் தேர்ந்தெடுக்க 30 நொடிப் பழைய இருப்பிடம் தாராளம்.

ஆறாம்_ஸ்லாட் எழுதியது:

மலைமுகடு சொன்னதோடு ஒன்று. குழு அழைப்பில் இருக்கும் செட் கண்ட்ரோல் சேனலில் இருக்காது, பேச்சு ஸ்லாட்டில் இருக்கும். அப்போது குறுந்தரவு போக வழி பதினெட்டாவது பிரேம் மட்டும், அதாவது நொடிக்கு ஒரு வாய்ப்பு. அல்லது பேச்சிலிருந்தே ஸ்லாட்டைத் திருடுவது. பெரிய சம்பவத்தில் எல்லோரும் ஒரே குழுவில் பேசிக்கொண்டிருக்கும்போது புள்ளிகள் தாமதமாவது பழுதல்ல. கண்ட்ரோல் ரூம் திரையில் ஒவ்வொரு புள்ளிக்கும் எத்தனை நொடிப் பழையது என்று காட்டுங்கள், ஒரு நிமிடம் தாண்டினால் நிறம் மாறட்டும். அது இல்லாமல் அனுப்புபவர் பழைய இடத்தைப் புதியதென்று நம்பி வண்டியை ஒதுக்கிவிடுவார்.

இனி பாக்கெட் டேட்டா. விளம்பரத்தில் 28.8 கிலோபிட் என்று இருக்கும். அது நான்கு ஸ்லாட்டையும் எடுத்து, பிழைத்திருத்தம் இல்லாமல் வரும் எண். நடைமுறையில் ஒற்றை ஸ்லாட் தரும். முழு ஸ்லாட்டுக்கு 268 பிட், நொடிக்கு 17 ஸ்லாட் என்று பெருக்கினாலே 4.5 கிலோபிட், தலைப்புகள், மறுமுயற்சி கழித்தால் கையில் 3 கிலோபிட் என்று திட்டமிடுங்கள். 40 கிலோபைட் படம் ஒன்று 107 நொடி. அதுவும் நடுவில் யாரும் பேசாவிட்டால். அழைப்பு வந்தால் செட் டேட்டாவை விட்டுவிட்டுக் குரலுக்குப் போகும். ஒரே செட் இரண்டையும் ஒன்றாகச் செய்யாது. ஆகவே படத்துக்கும் படிவத்துக்கும் டெட்ரா இல்லை, அந்த இரண்டையும் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். டெட்ராவின் இரண்டாம் வெளியீட்டில் வந்த டெட்ஸ் 25, 50, 100, 150 கிலோஹெர்ட்ஸ் சேனல்களில் வேகம் தரும், ஆனால் 64-க்யூஏஎம் போன்ற பண்பேற்றம் சைட்டுக்கு அருகில்தான் எடுபடும், அலைவரிசையும் கூடுதலாக வேண்டும். ஆறு சைட்டுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வண்டி எண் தேடலுக்கு ஐபியே வேண்டாம். கேள்வி 20 எழுத்து, பதில் 150 எழுத்து. நான்காம் வகை எஸ்டிஎஸ் (டெட்ராவின் குறுஞ்செய்தி) 2047 பிட் வரை தூக்கும். 8-பிட் எழுத்தில் போக்குவரத்துத் தலைப்புப் போக ஏறத்தாழ 250 எழுத்து. ஆங்கிலமும் இசிசூலுவும் லத்தீன் எழுத்துதான் என்பதால் இடம் போதும். யாராவது நகலெடுத்து ஒட்டும்போது வளைந்த மேற்கோள் குறி ஒன்று நுழைந்தால் சில மென்பொருள் முழுச் செய்தியையும் 16-பிட்டுக்கு மாற்றிவிடும், இடம் பாதியாகும், செய்தி இரண்டாக உடையும். அனுப்பும் முன் எழுத்துகளை வடிகட்டுங்கள்.

அதைவிட மலிவானது ஸ்டேட்டஸ். வெறும் 16 பிட் எண். தட்டும் அரை ஸ்லாட்டிலேயே முழுதும் அடங்கிப்போகும், ஒதுக்கீடு தேவையில்லை. 32768 முதல் 65535 வரை நமக்கு. புறப்பட்டேன், வந்துவிட்டேன், நோயாளி ஏறிவிட்டார், மருத்துவமனை சேர்ந்தேன், ஓய்வு எல்லாவற்றையும் இதில் போடுங்கள். பூஜ்யம் அவசரத்துக்கு ஒதுக்கியது, அதைத் தொட வேண்டாம். பல சேவைகளில் குழுவினர் இதையெல்லாம் வாயால் சொல்லிக்கொண்டிருப்பதால் பேச்சு ஸ்லாட்டும் சேர்த்து வீணாகிறது. டேட்டா திட்டத்தில் முதலில் பலன் தருவது இந்த ஒன்றுதான், இதற்கு யாரும் தனி லைசென்ஸ் விற்பதில்லை.

கடலோரன் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. பதிவை எடுத்தோம். அறிக்கைகள் 10-இன் மடங்கில்தான் கூடி நிற்கின்றன. மறுப்பு டோன் வந்த நிமிடங்களில் பேச்சு ஸ்லாட் ஏழில் அதிகபட்சம் மூன்றுதான் பயனில். உடனடி அணுகலும் திறந்தே இருக்கிறது, நிறுவியபோது இருந்த இயல்பு அமைப்பு.

இன்னும் இரண்டு சந்தேகம். வண்டித் திரைக்கு ஏற்கெனவே வாங்கிவிட்ட மென்பொருள் ஐபி மட்டும் பேசும், எஸ்டிஎஸ் தெரியாது. டேப்லட்டைச் செட்டோடு கேபிளில் இணைத்து ஒற்றை ஸ்லாட் பாக்கெட் டேட்டாவில் போட்டோம். இணைப்பு வருகிறது, ஆனால் ஒரு வரி அழைப்பு விவரம் வர அரை நிமிடம், சில நேரம் மென்பொருளே தொடர்பு அறுந்தது என்கிறது. இரண்டாவது, நிர்வாகத்தில் ஒருவர் டெட்ராவையே விட்டு எல்லாவற்றையும் எல்டிஇ (4ஜி மொபைல்) சிம்மில் போடலாம் என்கிறார். என்ன பதில் சொல்வது?

ஆறாம்_ஸ்லாட் எழுதியது:

முதலில் டேப்லட் வாயை மூடுங்கள். பிபிபி இணைப்பு (டேப்லட்டுக்கும் செட்டுக்கும் நடுவிலான ஐபி இணைப்பு) வந்ததும் இயங்குதளம் அதை முழு இணையம் என்று நினைத்துக்கொண்டு அப்டேட் தேடும், நேரம் கேட்கும், அக்கம்பக்கக் கணினிகளைக் கூவி அழைக்கும். 3 கிலோபிட் குழாயில் அதுவே நிரம்பிவிடும். செட் பக்கத்து இணைப்பில் பாக்கெட் பிடிப்பான் வைத்து ஐந்து நிமிடம் பாருங்கள். உங்கள் மென்பொருளின் பாக்கெட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். டேப்லட்டில் வெளிச்செல்லும் போக்குவரத்தை ஒரே சர்வர் முகவரி, ஒரே போர்ட் தவிர முழுதும் மூடுங்கள். டிஎன்எஸ்சும் (பெயரை முகவரியாக்கும் சேவை) வேண்டாம், சர்வர் முகவரியை எண்ணாகவே எழுதிவிடுங்கள்.

அடுத்தது எம்டியூ (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, பைட்டில்). டெட்ராவில் 296, 576, 1006, 1500 என்று பேரம் பேசிக்கொள்ளலாம். 1500 பைட் பாக்கெட் 3 கிலோபிட்டில் போக 4 நொடி. நடுவில் ஒரு துண்டு கெட்டால் அவ்வளவும் சிக்கல். 576-க்கு இறக்குங்கள், ஒன்றரை நொடியில் முடியும்.

பிறகு டிசிபி (போய்ச் சேர்ந்ததா என்று பார்த்து மறுபடி அனுப்பும் நெறிமுறை). இன்றைய டிசிபி முதல் பதிலுக்கு 1 நொடிதான் காத்திருக்கும். டெட்ராவில் தூங்கிக்கொண்டிருக்கும் இணைப்பு எழுந்து டேட்டா சேனல் வாங்கவே அதற்கு மேல் ஆகலாம். பதில் வரும் வழியில் இருக்கும்போதே டிசிபி மறுபடி அனுப்பும், வரிசையில் அதே பாக்கெட் இரண்டு மூன்று நிற்கும். ஆரம்பக் காத்திருப்பை 5 நொடியாக்க முடிந்தால் ஆக்குங்கள். மென்பொருளின் உயிர்த்துடிப்புச் செய்தி 15 நொடிக்கு ஒன்று என்றிருந்தால் 5 நிமிடமாக்குங்கள். அது டேட்டா சேனலைத் தூங்கவே விடாமல் ஒரு பேச்சு ஸ்லாட்டைப் பிடித்து வைத்திருக்கும். டிஎல்எஸ் (இணைப்பு மறையாக்கம்) போட்டிருக்கிறார்களா? சான்றிதழ் சங்கிலியோடு கைகுலுக்கல் 5 கிலோபைட் என்றால் 13 நொடி அதற்கே. தொடர்பு அறுந்து அறுந்து வந்தால் ஒவ்வொரு முறையும் 13 நொடி. அரை நிமிடத்தின் மர்மம் பெரும்பாலும் இங்கே இருக்கும். முன்பகிர்ந்த சாவி முறைக்கு மாற்றினால் சான்றிதழ் பயணமே இல்லை.

இத்தனையும் செய்தால் ஓடும். ஆனால் 140 டேப்லட் ஒற்றை ஸ்லாட்டுகளுக்குப் போட்டி போடும் என்பதால், நல்ல வழி கண்ட்ரோல் ரூமில் சின்ன இடைமாற்றி எழுதுவது: சர்வரின் ஐபி செய்தியை வாங்கி எஸ்டிஎஸ் ஆக்கி அனுப்பும், வண்டியில் டேப்லட் செட்டின் சீரியல் வாசலில் ஏடி கட்டளை (மோடம் கட்டளை) வழியாக அதை வாங்கி மென்பொருளுக்குக் கொடுக்கும். செய்தி முகவரியும் வழக்கு எண்ணும் புகார் வகையும் மட்டும் என்றால் 100 எழுத்து. கீழ்வழியில் நான்கைந்து ஸ்லாட். வண்டிக்குத் தனித்தனியாக அனுப்பி ரசீது கேளுங்கள். குழு முகவரிக்கு அனுப்பிய எஸ்டிஎஸ்சுக்கு ரசீது கிடையாது, யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று தெரியாது.

பக்கிவாலா எழுதியது:

நிர்வாகத்தில் சொன்னவர் சரியாகத்தான் சொல்கிறார். இவ்வளவு பாடுபட்டு 3 கிலோபிட்டைப் பிழிவதைவிட ஒவ்வொரு வண்டியிலும் இரட்டைச் சிம் ரூட்டர் போட்டால் படம், படிவம், வரைபடம் எல்லாம் ஒரே நாளில் தீரும். பிடிடிக்கும் செயலி இருக்கிறது. மொபைல் தரநிலை அமைப்பு 3ஜிபிபியின் 13-ஆம் வெளியீட்டிலேயே அவசர சேவைப் பிடிடி வந்துவிட்டது, 14-இல் டேட்டாவும் வீடியோவும். டெட்ரா பழைய காலத்துச் சாமான்.

மலைமுகடு எழுதியது:

பக்கிவாலா, ரூட்டர் போடச் சொல்வதில் எனக்கும் சம்மதம். டெட்ராவை விடச் சொல்வதில்தான் இல்லை.

தரநிலையில் இருப்பது வேறு, நாம் வாங்கும் சிம்மில் வருவது வேறு. 13-ஆம் வெளியீட்டு அவசரப் பிடிடிக்கு என்று தனித் தர வகுப்புகள் உண்டு: குரலுக்கு 65, சமிக்ஞைக்கு 69, டேட்டாவுக்கு 70. ஆபரேட்டர் அவற்றைத் தன் நெட்வொர்க்கில் திறந்து, ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்தால்தான் உண்டு. கடையில் வாங்கிய சிம்மின் அணுகல் வகுப்பு 0 முதல் 9-க்குள் ஏதாவது ஒன்று. அவசர சேவைக்கு 14, பாதுகாப்புப் படைக்கு 12 என்று தரநிலையில் ஒதுக்கியிருக்கிறது. டர்பன் மோசஸ் மபீடா மைதானத்தில் ஆட்டம் முடிந்து கூட்டம் வெளியே வரும்போது உங்கள் ஆம்புலன்சின் சிம்மும் ரசிகரின் சிம்மும் ஒரே வரிசையில் நிற்கும். ஆபரேட்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி வேகம் அல்ல, இந்த வகுப்பு எண்கள். அவர்கள் விற்பனையாளரை அனுப்பினால் தொழில்நுட்பக்காரரை அனுப்பச் சொல்லுங்கள்.

இன்னொன்று மின்சாரம். லோட்ஷெடிங் (சுழற்சி மின்வெட்டு) அடுத்தடுத்து வரும் நாட்களில் டவர் பேட்டரி முழுதாக ஏறவே நேரமில்லை. ஈய அமிலப் பேட்டரி முழுக்க ஏற எட்டுப் பத்து மணி நேரம் வேண்டும். இரண்டாவது வெட்டு வரும்போது பாதியிலிருந்து தொடங்கும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் மின்சாரமும் பைபரும் போய் மொபைல் டவர்கள் கூட்டமாக விழுந்தன. அந்த மாதிரி நாளுக்குத்தானே ரேடியோ. உங்கள் ஆறு சைட்டின் பேட்டரியும் ஜெனரேட்டரும் மைக்ரோவேவ் இணைப்பும் உங்கள் கையில் இருக்கின்றன. டவரின் பேட்டரி உங்கள் கையில் இல்லை. 2022 மார்ச்சில் தகவல்தொடர்பு ஒழுங்காணையம் ஐகாசா ஏலம் விட்ட 700, 800 மெகாஹெர்ட்ஸ் உள்நாட்டுப் பரப்புக்கு உதவும் (700-க்கு அனலாக் டிவி இடம் காலி செய்ய வேண்டியிருந்தது, அது தனிக் கூத்து), ஆனால் அலைவரிசை மின்சாரம் தராது.

ஆக கடலோரன், இரண்டும் போடுங்கள். ஆனால் இரண்டையும் சேர்க்கும் இடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. ரூட்டரில் வழக்கமாக எழுதும் விதி: எல்டிஇ இருந்தால் அதில், இல்லாவிட்டால் டெட்ராவில். எல்டிஇ நன்றாக இருக்கும்வரை 140 வண்டியும் 5 நொடிக்கு ஒருமுறை அனுப்பும், எல்லோருக்கும் சந்தோஷம். டவர் விழும் நிமிடத்தில் அத்தனை வண்டியும் அதே 5 நொடி வேகத்தோடு டெட்ரா கண்ட்ரோல் சேனலில் குதிக்கும். குரல் மிகவும் தேவைப்படும் அதே நிமிடத்தில் பிடிடி செத்துப்போகும். ஆகவே டெட்ரா வழிக்குத் தனி விதி எழுதுங்கள். எல்டிஇ போன பிறகு 30 முதல் 120 நொடி வரை சீரற்ற காத்திருப்பு, அதன் பின் இருப்பிடம் நிமிடத்துக்கு ஒன்று, ஸ்டேட்டஸும் அழைப்பு விவரமும் மட்டும், மற்றதெல்லாம் ரூட்டரிலேயே தேங்கட்டும். எல்டிஇ திரும்பிய உடனே தாவவும் கூடாது; இரண்டு நிமிடம் நிலையாக இருந்தால் தாவு. இல்லையென்றால் வண்டி மலைப்பாதையில் வளையும்போதெல்லாம் இங்கும் அங்கும் ஊசலாடும்.

தேங்கும் வரிசையைப் பற்றி: டெட்ரா சைட் ஒன்றின் மைக்ரோவேவ் அறுந்து சைட் தனியாக ஓடும்போது குரல் அந்த சைட்டுக்குள் நடக்கும், ஆனால் இருப்பிடம் கண்ட்ரோல் ரூம் போகாது. சில செட்டுகள் போகாத அறிக்கையையெல்லாம் சேமித்து வைத்து, இணைப்பு திரும்பியதும் ஒரே மூச்சில் கொட்டும். 50 செட், தலைக்கு 20 அறிக்கை. அந்தச் சேமிப்பை அணைத்துவிடுங்கள், கடைசி இருப்பிடம் ஒன்று போதும். இதே காரணத்துக்காக ஒரு சைட் விழுந்தால் அதன் செட்டுகள் பக்கத்துச் சைட்டில் ஏறும் என்பதையும் கணக்கில் சேர்த்து, சராசரிச் செல்லுக்கு அல்லாமல் மிக நெரிசலான செல்லுக்குப் பக்கத்துச் செல்லின் சுமையையும் கூட்டிக் கணக்கிடுங்கள்.

அப்படிக் கணக்கிட்டும் டிப்போ சைட்டில் மோதல் 10 சதவீதம் தாண்டினால் அப்போது துணைக் கண்ட்ரோல் சேனல் திறக்கலாம். அது முதன்மைக் கேரியரின் இரண்டாம், மூன்றாம், நான்காம் ஸ்லாட்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளும், பேச்சு ஏழிலிருந்து ஆறாகும். ஆறு போதவில்லை என்றால் அந்த ஒரு சைட்டுக்கு மட்டும் மூன்றாவது கேரியர் கேளுங்கள். ஆறு சைட்டுக்கும் அல்ல.

சாவிக்கொத்து எழுதியது:

பாதுகாப்பு பற்றி யாரும் பேசவில்லை. நெட்வொர்க் எந்த டிஇஏ-வில் (டெட்ராவின் மறையாக்க முறை) ஓடுகிறது என்று முதலில் பாருங்கள். 2023 ஜூலையில் நெதர்லாந்து ஆய்வாளர்கள் வெளியிட்டதில் டிஇஏ-1-இன் 80 பிட் சாவி உள்ளே 32 பிட்டாகச் சுருங்குகிறது என்று வெளிவந்தது. சாதாரணக் கணினியில் உடையும். டிஇஏ-2 ஐரோப்பியப் பொதுப் பாதுகாப்புக்கு என்று கட்டுப்படுத்தியது, எனவே இங்கே பெரும்பாலும் டிஇஏ-1 அல்லது டிஇஏ-3 அல்லது எதுவுமே இல்லாமல் இருக்கும். குரல் கேட்பது ஒரு சங்கதி. எஸ்டிஎஸ்சில் நோயாளி பெயரும் நோயும் முகவரியும் எழுத்தாகப் போனால் பிடிப்பவருக்குப் பட்டியலாகவே கிடைக்கும். போபியா (தனிநபர் தகவல் பாதுகாப்பு) சட்டத்தில் உடல்நல விவரம் சிறப்புத் தகவல் வகை. டிஇஏ-1 என்றால் எஸ்டிஎஸ்சில் வழக்கு எண்ணும் முகவரியும் மட்டும், மிச்சம் எல்டிஇ-யில் மறையாக்கத்தோடு. இருப்பிடமும் அப்படித்தான்: ரோந்து வண்டி எங்கே நிற்கிறது என்று தெரிந்தால் யாருக்கு லாபம் என்று சொல்லத் தேவையில்லை. செயலி மட்டத்தில் மறையாக்கம் சேர்த்தால் சில பைட் கூடும். எல்ஐபி குறு அறிக்கையில் அந்தச் சில பைட் இன்னொரு ஸ்லாட் ஆகலாம், மலைமுகடு கணக்கைத் திரும்பப் போட வேண்டும்.

தொலைந்த செட்டை முடக்கும் வசதி ஓடுகிறதா என்று சோதித்தும் பாருங்கள். டேப்லட்டில் வண்டி எண் தேடல் இருந்தால் ஒவ்வொரு தேடலும் யார் பெயரில் என்று சர்வரில் பதிய வேண்டும், செட் எண் பதிவு போதாது. ஒரு வண்டியில் மூன்று பேர் மாறி மாறி உட்காருவார்கள்.

கடலோரன் எழுதியது:

டிஇஏ-1தான். நோயாளி விவரம் எஸ்டிஎஸ்சில் போகாது என்று எழுதி வாங்கிவிட்டேன். சைட்டில் உடனடி அணுகலை மூடியாயிற்று, 40 செட்டுக்கும் சிதறல் இடைவெளியும் 500 மீட்டர் விதியும் போட்டாயிற்று. மாலை ஷிப்ட் மாற்றத்தில் இப்போது புள்ளி உறையவில்லை, மறுப்பு டோன் இல்லை. பதிவில் மிகப் பழைய புள்ளி 70 நொடி. டேப்லட்டில் டிஎல்எஸ்சும் உயிர்த்துடிப்பும்தான் அரை நிமிடத்துக்குக் காரணம், ஆறாம்_ஸ்லாட் சொன்னபடி. இடைமாற்றி எழுத ஆள் பார்க்கிறோம். மீதி 100 வண்டிக்கு எப்படி ஏற்றுவது, ஒரே நாளிலா?

மலைமுகடு எழுதியது:

இருபது இருபதாக. ஒவ்வொரு இருபதுக்கும் பிறகு டிப்போ சைட்டின் தட்டல் மோதல் எண்ணிக்கையையும் பிடிடிக்குப் பேசு டோன் வர ஆகும் நேரத்தையும் ஷிப்ட் மாற்றத்தில் எடுத்து வையுங்கள். பேசு டோன் அரை நொடிக்குள் வராத அழைப்புகள் கூடத் தொடங்கினால் அங்கேயே நிறுத்தி இடைவெளியை 45 ஆக்குங்கள். கடைசி இருபது ஏற்றியபின் ஒரு சோதனை கட்டாயம்: அதிகாலையில் முன்னறிவிப்போடு டிப்போ சைட்டை அணைத்துப் போடுங்கள், ரூட்டர்களின் எல்டிஇ ஆன்டெனா கேபிளையும் பத்து வண்டியிலாவது கழற்றிவிட்டு. 140 செட்டும் திரும்பிப் பதிவாக எவ்வளவு நேரம், அந்த நேரத்தில் பிடிடி கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ஆறாம்_ஸ்லாட் எழுதியது:

கேபிளைத் திரும்ப மாட்டும்போது எல்டிஇ, ஜிபிஎஸ், டெட்ரா மூன்று ஆன்டெனாவும் ஒரே கூரைக் கூடாக இருந்தால் முனைகளில் அடையாளச் சுற்று ஒட்டுங்கள். ஜிபிஎஸ் முனையும் எல்டிஇ முனையும் மாறினால் எல்டிஇ ஓரளவு ஓடும், இருப்பிடம் மட்டும் வராது, எல்லோரும் மறுபடி கண்ட்ரோல் சேனலைத் திட்டுவார்கள்.